கடன்பட்டுத் தமிழ் கொடுத்த வாத்தியார்!

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை

மாயவரத்தில் ஒரு வீடு. கோவிலின் தெற்கு வீதியில் இருந்தது.

காலையில் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பலகையில் வந்து உட்காருகிறார். பருத்த உடம்பு. அமைதியான முகம். வேலைக்காரன் எண்ணெய் எடுக்க உள்ளே போகிறான். போனவன் திரும்பவில்லை. நேரம் ஆகிறது.

அந்த வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன் இதைக் கவனிக்கிறான். உள்ளே எட்டிப் பார்க்கிறான். எண்ணெய்ப் பாத்திரம் காலி! வாங்கி வரலாம் என்றால் வீட்டில் காசு இல்லை.

பையன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தன் செலவுக்கு வைத்திருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். எண்ணெய் வாங்கி வந்து உள்ளே கொடுத்தான். பலகையில் இருந்தவருக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது.

பலகையில் உட்கார்ந்திருந்தவர் யார்? தமிழ்நாடு முழுவதும் அன்று பெரும் புலவர் என்று கொண்டாடிய திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

கடைக்கு ஓடிய பையன் யார்? பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் புறநானூற்றையும் அச்சில் ஏற்றிக் கொடுத்த உ. வே. சாமிநாதையர்!

இத்தனை பெரிய புலவர் வீட்டில் எண்ணெய்க்குக் காசு இல்லாமற் போனது ஏன்? அவர் சம்பாதிக்கவில்லையா? சம்பாதித்தார். ஆனால் காசு கையில் நிற்கவில்லை. அந்தக் கதைதான் இது.

தந்தையே முதல் வாத்தியார்

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை பெயர் சிதம்பரம் பிள்ளை. அவர் முன்பு மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் கணக்கு வேலை பார்த்தவர். பிறகு ஊரை விட்டு வந்து திருச்சிப் பக்கம் குடியேறினார். மதுரைத் தெய்வத்தை மறக்க முடியவில்லை. அதனால் மகனுக்கு மீனாட்சிசுந்தரம் என்று பெயர் வைத்தார்.

தந்தைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மகனுக்கு அவரே எழுத்தும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் மகனுக்குப் பதினைந்து வயதானபோது அவர் இறந்து விட்டார். வீட்டுப் பாரம் பிள்ளையின் தலையில் விழுந்தது.

மேலே படிக்க வேண்டும். யாரிடம் படிப்பது? கல்லூரி இல்லை. அச்சுப் புத்தகம் அருமை. பழைய நூல்கள் எல்லாம் ஓலைச் சுவடியில் இருந்தன. இன்னாரிடம் இன்ன சுவடி இருக்கிறது, இன்னாருக்கு இன்ன நூல் தெரியும் என்று கேட்டுக் கேட்டு அலைந்தார். ஒருவரிடம் ஒரு நூல், வேறொருவரிடம் வேறொரு நூல் என்று துளித்துளியாகச் சேர்த்தார். சுவடி இரவல் கிடைத்தால் உட்கார்ந்து படி எடுத்துக் கொள்வார். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய் அங்கிருந்த புலவர்களிடமும் பாடம் கேட்டார்.

அவர் தண்டியலங்காரம் படித்த கதை வேடிக்கையானது. அது செய்யுள் அணிகளைப் பற்றிய இலக்கண நூல். அதை நன்றாகக் கற்றவர் திருச்சியில் ஒரு பரதேசி. தெருத்தெருவாகப் பிச்சை எடுப்பவர். கேட்டவுடன் சொல்லிக் கொடுக்கும் ஆசாமி அல்லர். பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பரதேசியின் பின்னாலேயே வீடு வீடாக நடந்தார். பிச்சை மூட்டையைச் சுமந்தார். பரதேசிக்குக் கஞ்சாப் பழக்கம் உண்டு. அதையும் வாங்கிக் கொடுத்தார்! அவர் மனம் மகிழ்ந்த வேளையில் பாடம் நடந்தது. இப்படியாக நூல் முழுவதையும் கற்று முடித்தார்.

கல்விக்காக ஒரு மனிதன் எவ்வளவு தாழ்ந்து போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, தம்மிடம் படிக்க வந்த எவரையும் அவர் தாழ விட்டதில்லை.

சோறும் போட்டுப் பாடமும் சொன்னார்

வயது ஏற ஏறப் புகழும் ஏறியது. மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பூவாளூரிலிருந்து தியாகராச செட்டியார் வந்தார். இவர் பிறகு கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் ஆனார். நாகூர் குலாம் காதிறு நாவலர் வந்தார். அவர் முஸ்லிம். புதுவை சவராயலு நாயகர் வந்தார். சவேரிநாத பிள்ளை வந்தார். இவர்கள் கிறிஸ்தவர்கள். பிராமணப் பிள்ளைகள் வந்தார்கள். மடத்துத் தம்பிரான்கள் வந்தார்கள்.

ஆசிரியரோ திருநீறு பூசிய சைவர். சிவபெருமான் மேல் ஆயிரக்கணக்கில் பாட்டுப் பாடியவர். ஆனால் தமிழ் கேட்டு வந்தவனிடம் நீ எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்துக் கதவை அடைத்தவர் அல்லர். சவேரிநாத பிள்ளை அவர் வீட்டுப் பிள்ளை போலவே கூட இருந்தார். இது நடந்தது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு வாங்கினார்? ஒரு காசு கூட வாங்கவில்லை! அது மட்டுமா? வந்த மாணவர்களில் பலருக்குச் சோறும் அவர்தான் போட்டார். சாப்பாட்டு வழக்கம் வேறான மாணவர்களுக்கு வேறு இடத்தில் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

இந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அன்றைய புலவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் கோவிலுக்குப் புராணம் வேண்டும் என்பார்கள். புலவர் பாடுவார். பிறகு சபை கூட்டி, நாள்தோறும் கொஞ்சமாக வாசித்துப் பொருள் சொல்லுவார். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். முடிவில் சால்வையும் பணமும் கொடுப்பார்கள். பிள்ளை இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடினார். பிள்ளைத்தமிழ், அந்தாதி, உலா, கோவை என்று பாடியவை வேறு.

திருவாவடுதுறை மடம் அவரைத் தன் புலவராக வைத்துக் கொண்டது. மகாவித்துவான் என்ற பட்டமும் அங்கேதான் கிடைத்தது. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் இவர்தான். இவரைப் பாராட்டிப் பிள்ளை குளத்தூர்க் கோவை என்ற நூலைப் பாடினார்.

எனவே பணம் வந்தது. மழை போல் வந்தது. மழை போலவே ஓடியும் போனது. வந்த அன்று வீட்டில் கூட்டம். பத்து நாள் கழித்துக் கடைக்காரன் வாசலில்!

பாட்டு அவருக்கு மூச்சு விடுவது போல. ஏட்டில் எழுதித் திருத்திப் பாடுகிற வழக்கம் இல்லை. மனத்துக்குள்ளேயே செய்யுளைக் கட்டி வாயால் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர் ஓலையில் எழுதிக் கொள்வார். மாட்டு வண்டியில் ஊருக்குப் போகும்போது கூடப் பாட்டு நிற்காது. குசேலோபாக்கியானம் என்ற நூல் வல்லூர் தேவராச பிள்ளை என்ற மாணவரின் பெயரில் வெளிவந்தது. அதைப் பாடியவர் ஆசிரியரே. பாட்டையும் கொடுத்துப் பாடியவன் என்ற பெயரையும் கொடுத்துவிட்ட மனிதரிடம் பணம் எப்படித் தங்கும்?

பதினாறு வயதுப் பையன் வந்தான்

1871-ம் ஆண்டு. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் மகனை அழைத்துக்கொண்டு மாயவரம் வந்தார். மகனுக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. வீட்டில் வறுமை. பையனுக்கோ தமிழ் என்றால் உயிர். பிள்ளையிடம்தான் படிக்க வேண்டும் என்று வருஷக் கணக்கில் ஏங்கியவன்.

பிள்ளை உடனே சரி என்று சொல்லவில்லை. தயங்கினார். பலர் வருகிறார்கள், சில நாள் இருக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். சொல்லிக் கொடுப்பதில் அவருக்குச் சலிப்பு இல்லை. பாதியில் விட்டுப் போகிறார்களே என்பதுதான் அவர் துக்கம். தந்தை கெஞ்சினார். எவ்வளவு காலம் ஆனாலும் இவன் இங்கேயே இருப்பான் என்று உறுதி சொன்னார். பையனை ஒரு பாட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டார் பிள்ளை. பையன் நைடதத்திலிருந்து சொன்னான். ஆசிரியரின் மனம் இளகிவிட்டது.

பையன் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று கேட்டார் ஆசிரியர். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள் என்றான். சாமா என்றால் சாமிநாதன். இனி அதுவே இருக்கட்டும் என்றார். பெற்றோர் வைத்த பெயர் பின்னால் போயிற்று. ஆசிரியர் வாயால் வந்த பெயரே உலகத்தில் நின்றது.

தளிர் காட்டிய தந்திரம்!

சேர்ந்தாயிற்று. ஆனால் பாடம்? முதலில் பழைய மாணவராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கும்படி ஆசிரியர் சொல்லிவிட்டார். பையனுக்கு ஏமாற்றம். கடலைத் தேடி வந்தவனுக்குக் கால்வாயைக் காட்டினால் எப்படி இருக்கும்? சவேரிநாத பிள்ளை நல்லவர். அன்பாகத்தான் சொல்லிக் கொடுத்தார். இருந்தாலும் மனம் ஆறவில்லை. ஆசிரியரை நேரில் கேட்கவோ பயம்.

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு தோட்டம். பிள்ளைக்கு மரம் செடி என்றால் ஆசை. பொறுமையாக விதை போட்டு வளர்ப்பது கூட இல்லை. வளர்ந்த மரத்தையே வேர் மண்ணோடு பெயர்த்துக் கொண்டு வரச் சொல்லித் தோட்டத்தில் நடச் செய்வார். நட்ட மரம் பிழைக்குமா, பட்டுப் போகுமா? தினமும் காலையில் எழுந்தவுடன் முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போவார். எந்தக் கிளையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொரு மரமாகத் தேடுவார். ஒரு தளிர் கண்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

சாமிநாதன் இதைக் கவனித்தான். மறுநாள் ஆசிரியர் எழுவதற்கு முன்பே எழுந்தான். தோட்டம் முழுவதும் சுற்றினான். எங்கெங்கே தளிர் இருக்கிறது என்று பார்த்து மனத்தில் வைத்துக் கொண்டான். ஆசிரியர் வந்து தேடும்போது, இதோ இங்கே, அதோ அங்கே என்று காட்டினான். ஆசிரியருக்கு ஒரே ஆனந்தம். அடுத்த நாளும் இப்படியே. அதற்கு அடுத்த நாளும் இப்படியே. தோட்டத்தில் இருவரும் பேசிப் பழகினார்கள்.

நல்ல வேளை பார்த்து ஒருநாள் பையன் தன் ஆசையை வெளியிட்டான். தங்களிடமே நேரில் பாடம் கேட்க வேண்டும் என்றான். ஆசிரியர் ஒப்புக் கொண்டார். பாடம் தொடங்கியது.

தொடங்கிய பிறகு நிற்கவில்லை. காலை, பகல், இரவு என்று கணக்கில்லை. அந்தாதி முடிந்தால் பிள்ளைத்தமிழ். பிள்ளைத்தமிழ் முடிந்தால் புராணம். சொல்லிக் கொடுக்கும்போது அவர் கையில் புத்தகம் இருக்காது. எல்லாம் மனப்பாடம். கோபித்துப் பேசுவது கிடையாது. அடி கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருந்திருக்கும்.

ஒருமுறை சாமிநாதனுக்குப் பெரியம்மை வந்துவிட்டது. அப்போது திருவாவடுதுறையில் இருந்தார்கள். அம்மை என்றால் அந்தக் காலத்தில் உயிருக்கே ஆபத்து. அண்ட மாட்டார்கள். ஆசிரியர் தவித்துப் போனார். பையனைப் பத்திரமாகச் சுமந்து கொண்டுபோக ஏற்பாடு செய்து, துணைக்கு ஆளும் சேர்த்து, அவனுடைய பாட்டனார் ஊரான சூரியமூலைக்கு அனுப்பி வைத்தார். பையன் பிழைத்தான். முகத்தில் வடுவோடு மறுபடியும் பாடம் கேட்க வந்து சேர்ந்தான்.

பாட்டுப் பிடிக்காத பாட்டுக்காரர்

பிள்ளையவர்களிடம் குறையே இல்லையா? இருந்தது. சங்கீதம் என்றால் அவருக்கு ஆகாது!

அதே மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர். தம் நூலுக்குப் பிள்ளை ஒரு சிறப்புப் பாயிரம், அதாவது பாராட்டுச் செய்யுள், தர வேண்டும் என்று விரும்பினார். பிள்ளைக்கு மனம் இல்லை. கீர்த்தனையில் இலக்கணப் பிழை இருக்கிறது என்பது அவர் எண்ணம். பாரதியார் பல தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லி அனுப்பி விட்டார்.

ஒருநாள் பிள்ளை உள்ளே இளைப்பாறிக் கொண்டிருந்தார். வந்த பாரதியார் திண்ணையில் உட்கார்ந்தார். காத்திருக்கும் நேரத்தில் தம் கீர்த்தனையை மெல்லப் பாடத் தொடங்கினார். நந்தனாரின் ஏக்கம் திண்ணையிலிருந்து உள்ளே போயிற்று. இலக்கணம் பார்த்த புலவர் உருகிவிட்டார். வெளியே வந்தார். பாயிரம் பாடிக் கொடுத்தார்.

ஆனாலும் சாமிநாதன் இந்தப் பாரதியாரிடம் சங்கீதம் கற்கிறான் என்று தெரிந்தபோது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. சங்கீதத்தில் புத்தி போனால் தமிழ் குறைந்துவிடும் என்று சொன்னார். பையன் சங்கீதப் பாடத்தை நிறுத்தி விட்டான். இதில் ஆசிரியர் செய்தது சரியா என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியவில்லை. தமிழுக்கு லாபம். சங்கீதத்துக்கு நஷ்டமாக இருக்கலாம்.

கலியாணம் வந்தது, கடனும் வந்தது

பிள்ளையவர்களுக்கு மனைவியும் ஒரு மகனும் உண்டு. மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே வைத்திருந்தார். மகன் சிதம்பரம் பிள்ளைக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று.

இங்கேதான் நம் புலவரும் நம் வீட்டுத் தகப்பன்மார்களைப் போலவே நடந்து கொண்டார். கையில் இருப்பதைப் பார்த்துச் செலவு செய்ய அவருக்குத் தெரியாது. மகாவித்துவான் வீட்டுக் கலியாணம் என்றால் சும்மாவா? நண்பர்கள் வந்தார்கள். பழைய மாணவர்கள் வந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள், மிராசுதார்கள், புலவர்கள் எல்லாரும் வந்தார்கள். மடத்திலிருந்து உதவி வந்தது. பந்தல், மேளம், விருந்து என்று மாயவரமே அமர்க்களப்பட்டது.

கூட்டம் கலைந்தது. கடன் மட்டும் வீட்டில் தங்கியது.

முன்பே இருந்த கடனோடு கலியாணக் கடனும் சேர்ந்து கொண்டது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர் அவர். உட்கார்ந்து பாடம் சொல்ல வேண்டிய வயதில் பணம் தேடி ஊர் ஊராக வண்டியில் போக வேண்டியதாயிற்று. ஆவுடையார்கோவிலுக்காகத் திருப்பெருந்துறைப் புராணம் பாடினார். அங்கே போய்த் தங்கி அரங்கேற்றினார். மாணவர்களும் கூடவே போனார்கள். பரிசும் கிடைத்தது. ஆனால் பழைய கடனை அடைக்க அது போதவில்லை.

மாணவர்களை அனுப்பி விட்டால் செலவு குறையுமே! அவருடைய சுற்றத்தார் யாருக்காவது இந்த எண்ணம் வந்திருக்கலாம். அவருக்கு வரவில்லை. எண்ணெய் இல்லாத வீட்டில் பாடம் மட்டும் தடைப்படாமல் நடந்தது. அந்த வீட்டு ஆச்சியை நினைத்தால்தான் நமக்கு மனம் கனக்கிறது. நாளைக்கு எத்தனை இலை போட வேண்டும் என்று தெரியாமல், அரிசிப் பானையைப் பார்த்துக் கொண்டு நின்ற பெண்மணி அவர். புலவரின் புகழில் அவருக்கும் பங்கு உண்டு. அதை யாரும் செய்யுளாகப் பாடவில்லை.

மார்பில் சாய்ந்தார்

1875-ம் ஆண்டின் முடிவில் அவர் உடம்பு தளர்ந்துவிட்டது. உணவு செல்லவில்லை. நடை குறைந்தது. திருவாவடுதுறையில் தங்கியிருந்தார். மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் வேண்டிய உதவி செய்து வந்தார். மருந்து பலிக்கவில்லை.

1876-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. கடைசி நேரம் நெருங்கியது. சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தூக்கித் தம் மார்பில் சாய்த்துக் கொண்டார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கும்படி சாமிநாதனிடம் சொன்னார் ஆசிரியர். அழுகையை அடக்கிக்கொண்டு மாணவர் வாசித்தார். அதைக் கேட்டபடியே ஆசிரியரின் உயிர் பிரிந்தது.

சிவனைப் பாடிய புலவர் கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்திருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு புதுத் தளிர் காட்டிய பையன் திருவாசகம் படித்துக் கொண்டிருந்தான். அவருக்கு அப்போது அறுபத்தொன்றாவது வயது நடந்து கொண்டிருந்தது.

வீட்டாருக்கு அவர் வைத்துப் போனது ஓலைச் சுவடிகளும் கடனும்தான். மடம் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. திக்கற்று நின்ற சாமிநாதையரைத் தேசிகர் அழைத்து, மடத்திலேயே இருக்கலாம், மேலே பாடம் கேட்கலாம் என்று தைரியம் சொன்னார்.

மாணவர்கள் என்ன ஆனார்கள்?

மூத்த மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் இருந்தார் என்று சொன்னோம். தம் ஆசிரியரை யாராவது குறைவாகப் பேசினால் சண்டைக்கே போய்விடுவார் அவர். 1880-ம் ஆண்டு அவர் வேலையிலிருந்து விலகினார். தம் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று யோசித்தார். ஒரே ஆசிரியரிடம் படித்த இளையவர் இருக்கிறாரே! சாமிநாதையரைக் கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். சாமிநாதையரும் இதை மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்றே பெயர் வைத்தார்.

அதே 1880-ம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஆசிரியரிடம் கற்ற அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் இவர் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் படித்ததில்லை. அவற்றைப் பாடம் சொல்லும் வழக்கம் அன்று அநேகமாக இல்லாமலே போயிருந்தது.

இதை வைத்துக்கொண்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீண் என்று பேசுபவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. பழைய ஏட்டுச் சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று கூடத் தெரியாது. அதைப் பிரித்துப் படிக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான செய்யுள் நாவில் இருக்க வேண்டும். ஓசையிலேயே பிழை தெரிய வேண்டும். அந்தப் பயிற்சி மாயவரத்து வீட்டில் கிடைத்தது.

1887-ல் சீவகசிந்தாமணி அச்சாகியது. 1889-ல் பத்துப்பாட்டு. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. 1898-ல் மணிமேகலை.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் சாமிநாதையர் ஒரு காரியத்தை மட்டும் மறக்கவில்லை. ஆசிரியரின் பாடல்களை ஊர் ஊராகத் தேடினார். 1910-ல் பல சிறு நூல்களை ஒன்று சேர்த்துப் பிரபந்தத் திரட்டு என்று வெளியிட்டார். ஆசிரியரோடு பழகியவர்களைக் கண்டு பேசினார். கடிதங்களைச் சேர்த்தார். கேட்டதையெல்லாம் குறித்து வைத்தார். அவற்றைக் கொண்டு ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். முதல் பாகம் 1933-ல் வந்தது. இரண்டாம் பாகம் 1934-ல் வந்தது. அப்போது மாணவருக்கு வயது எழுபத்தொன்பது. ஆசிரியர் வாழ்ந்ததை விடப் பதினெட்டு ஆண்டு அதிகம்.

1940-ல் ஆனந்த விகடனில் தம் சொந்தக் கதையை என் சரித்திரம் என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். தளிர் தேடிய காலைப் பொழுதையும், எண்ணெய் வாங்கி வந்ததையும் அதில்தான் எழுதினார். வாரா வாரம் வந்து கொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 28-ந் தேதி அவர் காலமானார். சொந்தக் கதை பாதியில் நின்றுவிட்டது. ஆசிரியரின் கதையை மட்டும் முன்பே முழுவதும் எழுதி முடித்திருந்தார்.